பின்னச்சும் பிடிமானமும்

வளைந்த வீதியிலே திரும்பும் மோட்டார் வண்டியின் பின்சில்லுகள் இரண்டும் ஒரே தூரம் ஓடுவதில்லை. வளைவின் உட்புறத்துச் சில்லு குறுகிய பாதையிற் செல்ல, வெளிப்புறத்துச் சில்லு நீண்ட பாதையிற் செல்லவேண்டி இருக்கின்றது. சில்லுகளுக்கிடையே 5 அடி அகலமுள்ள வண்டியொன்று ஒரு சந்தியிலே செங்கோணமாகத் திரும்பினால், வெளிச்சில்லு உட்சில்லைவிட ஏறத்தாழ 8 அடி கூடுதலாக ஓடிவிடும். மாட்டு வண்டிக்கு இதனால் இடர் எதுவும் இல்லை. அதன் சில்லுகள் தனித்தனியே சுழல்கின்றன, இழுக்கும் வேலையை மாடு பார்த்துக்கொள்கின்றது. எந்திரமே சில்லைச் சுழற்றவேண்டும் என்ற நிலை வந்தபோதுதான் சிக்கல் பிறந்தது. இரண்டு சில்லுகளையும் ஒரே தண்டிற் பிணைத்தால், வளைவு தோறும் அவற்றுள் ஒன்று தரையிலே தேய்ந்து இழுபட்டே ஆகவேண்டும்.

இச்சிக்கலைத் தீர்க்க எழுந்ததே டிபரன்ஷல் என்னும் பொறி. பிரான்சு நாட்டவரான ஒனெசிஃபோர் பெக்கூர் என்பவர் 1828ஆம் ஆண்டிலே நீராவி வண்டி ஒன்றிற்காக இதற்குக் காப்புரிமை பெற்றார். எந்திரத்திலிருந்து வரும் தண்டின் நுனியிலே பினியன் என்னும் சிறு பற்சில்லு இருக்கின்றது. அது கிரவுன் எனப்படும் பெரிய பற்சில்லைச் சுழற்றுகின்றது. கிரவுன் ஒரு கூட்டோடு பூட்டப்பட்டிருக்கின்றது. அக்கூட்டினுள்ளே இருக்கும் சிறு பற்சில்லுகள் வலப்பக்க, இடப்பக்க அச்சுத்தண்டுகளுக்கு வலுவைப் பகிர்ந்து கொடுக்கின்றன. நேர்வழியிலே கூடும் அச்சுத்தண்டுகளும் ஒன்றாகச் சுழலும். வளைவு வந்தால் ஒரு பக்கம் விரைய, மறுபக்கம் தாமதிக்கும்.

இப்பொறியின் குணமே இதன் குற்றமும் ஆயிற்று. சாதாரண டிபரன்ஷல் இரு பக்கத்துக்கும் எப்பொழுதும் சமமான முறுக்குவிசையையே கொடுக்கும். வலச்சில்லு காய்ந்த தாரிலும் இடச்சில்லு சேற்றிலும் நிற்பதாகக் கொள்க. சேற்றிலுள்ள சில்லு 100 இறாத்தல் அடி முறுக்குவிசையை மட்டும் தாங்கி, அதற்கு மேல் வழுக்கிச் சுழலத் தொடங்குமானால், தாரிலுள்ள சில்லுக்கும் அந்த 100க்கு மேற் கிடையாது. எந்திரம் எத்துணை வலியதாயினும் பயனில்லை. ஒரு சில்லு சேற்றை வாரி இறைத்துக்கொண்டு சுழல, மறுசில்லு அசையாது நிற்கும். மழைக்காலத்து மண்வீதியிலே இக்காட்சியைக் காணாதார் அரியர்.

இக்குற்றத்தை ஓரளவு நீக்குவதே ‘லிமிட்டட் ஸ்லிப்’ எனப்படும், வழுக்கலைக் கட்டுப்படுத்தும் டிபரன்ஷல். ஃபெர்டினண்ட் போர்ஷே அமைத்த ஓட்டோ யூனியன் பந்தய வண்டியிலே ஒரு பின்சில்லு அளவுமீறிச் சுழன்றமையால், 1935இல் இசட் எஃப் என்னும் செர்மானிய நிறுவனம் இத்தகைய பொறியொன்றை அமைத்துக் கொடுத்தது. அமெரிக்காவிலே 1956ஆம் ஆண்டில் பக்கார்ட் நிறுவனம் இதனைப் பொதுமக்கள் வாங்கும் வண்டிகளிற் புகுத்தியது. பின்னர் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கெனப் பெயரொன்றைச் சூட்டிக்கொண்டது. செவ்ரலே ‘பொசிட்ராக்சன்’ என்றது. பொன்டியாக் ‘சேஃப்-ரி-ட்ராக்’ என்றது. போர்ட் ‘ட்ராக்சன் லொக்’ என்றது. கிறைஸ்லர் ‘ஷுவர் கிரிப்’ என்றது. பெயர்கள் பலவாயினும் நோக்கம் ஒன்றே. எனினும் செவ்ரலேயின் பெயரே மக்கள் நாவிலே நிலைத்து, ‘பொசி’ எனச் சுருங்கி, இவை அனைத்துக்கும் பொதுப்பெயராகிவிட்டது.

1992இல் வெளிவந்த ‘மை கசின் வின்னி’ என்னும் அமெரிக்கத் திரைப்படத்தில், ஒரு கொலை வழக்கே இப்பொறியினால் தீர்கின்றது. குற்றஞ் செய்தவர் ஓடிய வண்டி, வீதியிலே ஒரே அளவான இரண்டு கரிய ரயர்ச் சுவடுகளை விட்டுச் சென்றிருக்கின்றது. சாதாரண டிபரன்ஷல் உள்ள வண்டி அவ்வாறு இரு சுவடு பதிக்க மாட்டாது என்று சாட்சிக் கூண்டிலே ஒரு பெண் விளக்குகின்றாள். அப்பாத்திரத்தில் நடித்த மரிசா டோமே ஒஸ்கார் விருதும் பெற்றார். பொறியியல் உண்மையொன்று மன்றிலே மனித உயிரைக் காப்பதாக அமைந்த அரிய கதை அது.

இப்பொறி மிகவும் வேண்டப்பட்ட இடம், அமெரிக்கர் ‘மசில் கார்’ என அழைக்கும் வலிய வண்டிகளே. நடுத்தர அளவான உடலிலே பெரிய வண்டிக்குரிய எந்திரத்தைப் பூட்டியதே அவற்றின் சிறப்பு. 1964இல் பொன்டியாக் ஜீ.ரி.ஓ. 389 கன அங்குல எந்திரத்தோடு வந்து வழிகாட்டிற்று. 1970இல் செவ்ரலே செவெல் வண்டிக்குக் கிடைத்த 454 கன அங்குல எந்திரங்களுள் ஒன்று 450 குதிரைவலு உடையதென மதிக்கப்பட்டது. அத்துணை வலுவும் ஒரே சில்லின் வழியாகப் புகையாய்ப் போகாமல் இரு சில்லுகளாலும் தரையைப் பற்றவேண்டுமானால், பின்னச்சிலே இப்பொறி இருத்தல் வேண்டும். ஆயினும் அந்நாளில் இது மேலதிகக் கட்டணத்திற்கே கிடைத்தது. எனவே இன்று எஞ்சியிருக்கும் வண்டிகளுட் பல சாதாரண டிபரன்ஷலோடுதான் இருக்கின்றன. காப்புறுதிக் கட்டண உயர்வும், புகை பற்றிய சட்டங்களும், 1973ஆம் ஆண்டு எண்ணெய் நெருக்கடியும் அவ்வண்டிகளின் காலத்தை முடித்துவிட்டமையால், பொருந்தும் உறுப்பைத் தேடுவது உரிமையாளரின் பொறுப்பாகிவிட்டது.

அவ்வாறு தேடப் புகுவோர் பெரும்பாலும் முதலிற் கேட்கும் கேள்வி, சிறந்த டிபரன்ஷல் எது என்பதே. அக்கேள்வி முறையன்று. தம் வண்டியில் இருக்கும் பின்னச்சு எது என்பதே முதற் கேள்வியாதல் வேண்டும். டிபரன்ஷல் வண்டியின் பெயருக்குப் பொருந்துவதில்லை. எந்திரத்தின் வலுவுக்கும் பொருந்துவதில்லை. அது அச்சின் கூட்டுக்கும், கிரவுனுக்கும், அச்சுத்தண்டின் பற்களுக்குமே பொருந்துகின்றது. ஐம்பது, அறுபது ஆண்டுகளாகப் பலர் கைமாறிய வண்டியிலே, தொழிற்சாலையிற் பூட்டிய அச்சே இன்றும் இருக்கின்றது என எவரும் உறுதி கூற இயலாது. ஆதலின் நூலிலே படித்ததை நம்பி வாங்குவதினும், வண்டியின் கீழே படுத்து எண்ணிப் பார்ப்பது நன்று.

செவ்ரலே வண்டிகளையே எடுத்துக்கொள்க. அறுபதுகளில் வந்த செவெல், கமாரோ முதலிய வண்டிகளுட் சிறிய எந்திரம் உடையவை பெரும்பாலும் 10 போல்ட் அச்சையும், பெரிய எந்திரம் உடையவை பெரும்பாலும் 12 போல்ட் அச்சையும் பெற்றன. அச்சின் பின்புறத்து மூடியைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளை எண்ணியே இப்பெயர் வழங்குகின்றது. 12 போல்ட் அச்சிலே கிரவுனின் விட்டம் 8.875 அங்குலம், அறுபதுகளின் 10 போல்ட் அச்சிலே அது 8.2 அங்குலம். ஒன்றின் டிபரன்ஷல் மற்றதனுள் அமையாது.

ஆனால் போல்ட்டுகளை எண்ணியவுடன் வேலை முடிந்துவிட்டது என எண்ணுதல் கூடாது. எழுபதுகளில் வழக்கிற்கு வந்த 8.5 அங்குல அச்சின் மூடியிலும் 10 போல்ட்டுகளே உள்ளன. எனினும் அதன் உறுப்புகள் 8.2 அங்குல அச்சிற்கு உதவா. 1967 முதல் 1970 வரை ஓல்ட்ஸ்மொபீல் வண்டிகளில் வந்த அச்சொன்றின் மூடியிலே 12 போல்ட்டுகள் உண்டு. மூடியைக் கண்டு செவ்ரலே அச்சென மயங்கி உறுப்பு வாங்கியவர், உள்ளே கிரவுனிலே 10 போல்ட்டுகளையே காண்பர். வாங்கிய பொருள் பயன்படாது. செவ்ரலே பாரவண்டிகளின் 12 போல்ட் அச்சிலோ பினியன் தண்டின் தடிப்பே வேறு. எனவே போல்ட்டின் தொகை ஒரு தொடக்கக் குறிப்பே அன்றி முடிந்த தீர்ப்பு ஆகாது. செவ்ரலே அச்சின் வலக்குழாயின் முன்புறத்திலே பொறிக்கப்பட்டிருக்கும் எழுத்துகளும் எண்களும், துருவை நீக்கிப் பார்த்தால், அவ்வச்சின் பல்விகிதத்தையும் அது ஆக்கப்பட்ட காலத்தையும் அறிவிக்கும்.

அடுத்து அறியவேண்டியது பல்விகிதம். கிரவுனிலுள்ள பற்களின் தொகையைப் பினியனிலுள்ள பற்களின் தொகையாற் பிரித்தால் அது கிடைக்கும். 41 பற்களும் 11 பற்களும் இருந்தால் விகிதம் 3.73, 41 பற்களும் 10 பற்களும் இருந்தால் 4.10. இவ்விகிதம் டிபரன்ஷல் கூட்டின் அமைப்பையும் தீர்மானிக்கின்றது என்பதைப் பலர் அறியார். விகிதம் உயர உயரப் பினியன் சிறுக்கின்றது. பினியன் சிறுத்தால் கிரவுன் அதனை நோக்கி நெருங்கி வரவேண்டும். அதற்கேற்பவே கூட்டிலே கிரவுன் அமரும் விளிம்பின் இடமும் மாறுகின்றது. ஆகையால் 12 போல்ட் அச்சிற்கு மூன்று வரிசைக் கூடுகள் செய்யப்பட்டன. 2.73 வரையுள்ள விகிதங்களுக்கு இரண்டாம் வரிசை, 3.07 முதல் 3.73 வரை மூன்றாம் வரிசை, 4.10உம் அதற்கு மேலும் நான்காம் வரிசை. 3.31 விகிதமுள்ள வண்டிக்கு நான்காம் வரிசைக் கூட்டை வாங்கினால், பற்கள் உரியவாறு கவ்வா. மூன்றாம் வரிசைக் கூட்டிலேயே 4.10 விகிதத்தைப் பூட்ட விரும்புவோர், இடைவெளியை நிரப்புமாறு தடிப்பாகச் செய்யப்பட்ட கிரவுனைத் தேடி வாங்குதல் வேண்டும்.

மூன்றாவது, அச்சுத்தண்டின் நுனியிலுள்ள ‘ஸ்பிளைன்’ என்னும் நீள்வரிப் பற்கள். செவ்ரலே 12 போல்ட் வண்டியச்சின் தண்டுகளில் இவை 30 உள்ளன. டிபரன்ஷலின் பக்கப் பற்சில்லுகளிலும் அதே தொகை இருத்தல் வேண்டும். பந்தயத்துக்காக முன்னொருவர் தடித்த தண்டுகளைப் பூட்டியிருப்பின், தொகை மாறியிருக்கும். தண்டைக் கழற்றி எண்ணாமல் இதனை அறிய வழியில்லை. இத்தண்டுகளைப் பிடித்து வைத்திருப்பது உள்நுனியிலே செருகப்படும் ஆங்கில ‘சி’ எழுத்து வடிவான உருக்கு வளையமே. கூட்டின் குறுக்கே செல்லும் ஊசித்தண்டைக் கழற்றினாலன்றி அவ்வளையத்தை எடுத்தல் இயலாது. அச்சுத்தண்டு முறியுமானால் சில்லே தண்டோடு வெளியேறக் கூடும் என்பது இவ்வமைப்பின் குறை.

பிற நிறுவனங்களின் வழி வேறு. போர்ட் நிறுவனத்தின் 9 அங்குல அச்சிலும், கிறைஸ்லரின் 8¾ அங்குல அச்சிலும், டிபரன்ஷலும் பினியனும் ஒரே தொகுதியாக முன்புறமாக வெளியே வருகின்றன. மேசையின்மேல் வைத்தே வேலையை முடிக்கலாம் என்பதால் அவற்றைத் திருத்துவோர் விரும்புகின்றனர். ஆயினும் போர்ட் 9 அங்குல அச்சிலே 28 பற்களுள்ள தண்டுகளும் உண்டு, 31 பற்களுள்ள தண்டுகளும் உண்டு. கிறைஸ்லர் அச்சிலே வார்ப்பின்மீது காணப்படும் எண்ணின் இறுதி மூன்று இலக்கங்கள் 741, 742, 489 என மூவகைப்படும். அம்மூன்றிலும் பினியன் தண்டின் அளவு வெவ்வேறு. மேலும் அக்கிறைஸ்லர் அச்சிலே இரு தண்டுகளின் நுனிகளுக்கும் இடையே, டிபரன்ஷலின் நடுவில், உந்துதலைத் தாங்கும் கட்டை ஒன்று உண்டு. புதிய டிபரன்ஷல் வாங்குவோர் அதற்கேற்ற கட்டை அதனுள் இருக்கின்றதா எனப் பார்த்தல் வேண்டும். இல்லையேல் தண்டுகளின் முன்பின் அசைவைச் சரிசெய்ய முடியாது.

இத்துணையும் அறிந்த பின்னரே எவ்வகை டிபரன்ஷல் என்ற தெரிவு வருகின்றது. முதல் வகை, உராய்வுத் தகடுகள் உடையது. சில தகடுகள் கூட்டோடும், அவற்றிற்கு இடையிட்ட தகடுகள் பக்கப் பற்சில்லோடும் சுழல்கின்றன. சுருள்வில்கள் அவற்றை நெருக்கி வைத்திருக்கின்றன. வலு பாயும்போது பற்சில்லுகள் ஒன்றையொன்று தள்ளுவதாலும் நெருக்கம் மிகுகின்றது. மேலே கூறிய சேற்று வண்டியிலே, தகடுகளின் உராய்வு 200 இறாத்தல் அடி வேறுபாட்டைத் தாங்குமாயின், வழுக்கும் சில்லுக்கு 100 செல்லும்போது தாரிலுள்ள சில்லுக்கு 300 செல்லும், வண்டி நகர்ந்துவிடும். தகடு தேய்ந்தாற் புதிய தகடு இடலாம் என்பது இவ்வகையின் நன்மை. அறுபதுகளின் பொசிட்ராக்சன் இவ்வகையினதே.

இரண்டாம் வகையிலே தகடுகளுக்குப் பதிலாகக் கூம்புகள் கூட்டின் சுவரிலே அழுந்துகின்றன. பின்னாளைய ஷுவர் கிரிப் இவ்வகை. தேய்ந்த கூம்பைப் புதுப்பித்தல் எளிதன்று. பழையதை வாங்குவோர் இதனை நினைவில் வைத்தல் வேண்டும். மூன்றாம் வகை, சாய்ந்த பற்களையுடைய பற்சில்லுகளாலேயே இயங்குவது. வேர்னன் கிளீஸ்மன் என்னும் அமெரிக்கர் 1958இல் காப்புரிமை பெற்ற ‘டோர்சென்’ இவ்வினத்தது. இதிலே தேயும் தகடு இல்லை, வளைவிலே ஒலியுமில்லை. ஆனால் ஒரு சில்லு முற்றாகத் தரையைவிட்டு எழுந்துவிட்டால் இதன் உதவி பெரிதும் குறைந்துவிடும். இரு தண்டுகளையும் முற்றாகப் பூட்டும் ‘லொக்கர்’ என்பது வேறோர் இனம். அது நேர்வழிப் பந்தயத்துக்கு உகந்தது. நாளாந்தப் பயணத்திலே திருப்பந்தோறும் ஒலித்து, ஓட்டுபவரைத் திடுக்கிடச் செய்யும்.

பழைய வண்டியொன்றில் ஏற்கெனவே இப்பொறி இருக்கின்றதா என அறிய எளிய முறையொன்று உண்டு. முன்சில்லுகளுக்குக் கட்டை வைத்து, பின்சில்லுகள் இரண்டையும் தரையிலிருந்து உயர்த்தி உறுதியான தாங்கிகளில் நிறுத்தி, எந்திரத்தை நிறுத்திய நிலையில் கியரை நியூட்ரலில் விட்டு, ஒரு சில்லைக் கையாற் சுழற்றவேண்டும். மறுசில்லு எதிர்த் திசையிற் சுழன்றால் சாதாரண டிபரன்ஷல். அதே திசையிற் சுழன்றால் வழுக்கல் தடுக்கும் டிபரன்ஷல் அல்லது முற்றாகப் பூட்டப்பட்ட அச்சு. தகடுகள் நன்றாகத் தேய்ந்துவிட்ட பொசிட்ராக்சனும் எதிர்த் திசையிற் சுழலக்கூடும் என்பதால், மூடியைத் திறந்து கண்ணாற் காண்பதே முடிவான சான்று.

உறுப்பு பொருந்திவிட்டது என்பதாற் பொருத்துதல் முடிந்துவிடாது. கூட்டை மாற்றும்போது, கிரவுனுக்கும் பினியனுக்கும் இடையிலுள்ள சிறு தளர்வைப் பக்கத்துச் சிம் தகடுகளால் மீண்டும் அளந்து அமைக்க வேண்டும். அத்தளர்வு பொதுவாக ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 6 முதல் 10 பங்கு வரையே இருத்தல் வேண்டும். பற்களிலே சாயம் பூசிச் சுழற்றி, அவை எங்கே தொடுகின்றன என்பதையும் பார்த்தல் வேண்டும். இவ்வளவுகள் பிழைத்தால் அச்சு முதலில் முனகும். பின்னர் பற்கள் உடையும். அளக்கும் கருவியும் பழக்கமும் இல்லாதவர் இவ்வேலையைத் தேர்ந்தவரிடம் ஒப்படைப்பதே சிக்கனம்.

எண்ணெய் பற்றியும் ஒரு சொல். தகடுகள் வளைவிலே மெல்ல வழுகவேண்டும். பற்றிப் பற்றி விடுமானால் வண்டி நடுங்கி ஒலிக்கும். அதற்கென உராய்வைச் சீராக்கும் பொருளொன்று பற்சில்லு எண்ணெயிலே சேர்க்கப்படுகின்றது. முன்னாளிலே அப்பொருளுக்குத் திமிங்கில எண்ணெய் பயன்பட்டது. எழுபதுகளின் தொடக்கத்திலே அமெரிக்கச் சட்டம் அதனைத் தடுத்தமையால், செயற்கைப் பொருள்கள் அதன் இடத்தைப் பிடித்தன. உறுப்பைச் செய்தவர் எந்த எண்ணெயை விதித்துள்ளாரோ அதனையே இடுதல் வேண்டும். பின்சில்லுகள் இரண்டிலும் ஒரே அளவான ரயர்கள் இருத்தலும் இன்றியமையாதது. அளவு வேறுபட்டால் நேர்வழியிலும் தகடுகள் ஓயாது உராய்ந்து தேயும்.

எல்லாவற்றினும் மேலாக இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. இப்பொறி பூட்டிய வண்டியின் ஒரு பின்சில்லை மட்டும் உயர்த்தி வைத்து, எந்திரத்தை இயக்கிக் கியரிற் போடுதல் ஒருபோதும் கூடாது. தரையிலுள்ள சில்லுக்கும் வலு சென்று, வண்டி ஜாக்கியிலிருந்து பாய்ந்து கீழே இருப்பவரை நசுக்கிவிடும். மற்றது, ஈரமான வளைவு. சாதாரண டிபரன்ஷலிலே ஒரு சில்லு வழுக்க, மறுசில்லு வண்டியைப் பக்கவாட்டில் நகராது பிடித்திருக்கும். இப்பொறியிலோ மிதமிஞ்சி வலுக் கொடுத்தால் இரண்டும் ஒன்றாகச் சுழன்று, வண்டியின் பின்புறம் ஒதுங்கிவிடும். பிடிமானம் கூடியது என்று வேகத்தைக் கூட்டுபவர், அப்பிடிமானம் முடியும் இடத்தையும் அறிந்திருத்தல் வேண்டும்.

இவ்வண்டிகள் இன்று பெருவிலை பெறுகின்றன. தொழிற்சாலையிலே பூட்டிய உறுப்புகள் எண் மாறாமல் இருப்பது அவ்விலையிற் பெரும்பங்கு. ஆதலின் பழைய கூட்டையும் தகடுகளையும் கழற்றியவர், அவற்றை எறிந்துவிடாமல் எண்ணெய் பூசிப் பொதிந்து வைத்தல் வேண்டும். அச்சின் குழாயிலுள்ள எழுத்துகளை அரமிட்டு மாற்றிப் பொய்க்குறி பொறிப்பது, அடுத்து வாங்குபவரை ஏமாற்றுவதோடு அவ்வண்டியின் வரலாற்றையும் அழிப்பதாகும். எந்த ஆண்டில் எந்த உறுப்பு மாற்றப்பட்டது என ஒரு தாளிலே எழுதி வண்டியோடு வைப்பது சிறு வேலை. பின்வருவோருக்கு அது பேருதவி.

பல்லை எண்ணி, விட்டத்தை அளந்து, வரிசையை அறிந்து, அதன்பின் பணப்பையைத் திறப்பவரின் வண்டியிலே புதிய பொறி ஓசையின்றி அமையும். இந்த ஒழுங்கைத் தலைகீழாக்கியவர், பெயர்பெற்ற உறுப்பொன்றை விலைகொடுத்து வாங்கி, அதனைத் தம் கொட்டகையின் மூலையிலே காட்சிப் பொருளாக வைக்க நேரும்.